மண்ணின் பிடி

நிலத்துள் ஒன்றைப் புதைத்தல் என்றால் அதனைக் கண்ணுக்கு மறைத்தல் என்றே பெரும்பாலும் பொருள்கொள்கிறோம். புதையல், புதைகுழி, புதைபொருள் முதலாய சொற்களெல்லாம் மறைவையே முதன்மைப்படுத்துகின்றன. ஆயின் குழாய் பதிப்போரின் தொழிலிற் புதைத்தலுக்கு வேறொரு பொருளும் உண்டு. அங்குப் புதைத்தல் என்பது பிடித்துவைத்தல். நீரைக் கொண்டுசெல்லும் குழாயாயினும் எண்ணெயைக் கொண்டுசெல்லும் குழாயாயினும் அது வைத்த இடத்திலேயே எந்நாளும் அமைதியாகக் கிடந்துவிடுவதில்லை. சிலவேளைகளில் அது மேலெழ முயல்கிறது. அவ்வேளையில் அதனைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் அதன்மேல் இடப்பட்ட மண்ணேயாகும். அத்தடை எங்கிருந்து பிறக்கிறது, எதனால் வளர்கிறது, எதனால் அழிகிறது என்பனவற்றைக் கலைப்பீட மாணவனொருவன் எழுதப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆதலின் காரணத்தை முதலிற் கூறிவிடுதல் நன்று.

என் தந்தையார் குழாய் பதிக்கும் தொழிலாளி. வன்னிப் பகுதியின் சாலையோரங்களில் அகழி வெட்டுவதும், குழாய் இறக்குவதும், மண் மூடுவதும் பத்தாண்டுகளுக்கு மேலாக அவருடைய தொழில். அலவாங்கும் மண்வெட்டியும் செய்த வேலையைப் பெக்கோ இயந்திரம் ஏற்றுக்கொண்ட பின்னர் வெட்டும் வேலை குறைந்தது. ஆயின் மூடும் வேலையின் பெரும்பகுதி இன்றும் மனிதக் கைகளிலேயே தங்கியுள்ளது. இஃது ஒரு காரணம். பேராதனையில் என்னோடு ஒரே வாடகை அறையில் வாழும் நண்பர் பொறியியற்பீட மாணவர் என்பது மற்றொரு காரணம். எங்கள் இரு பீடங்களுக்கும் இடையே மகாவலி ஓடுகிறது. எங்கள் அறையிலோ இருவருக்கும் ஒரே மேசைதான். புதைகுழாய்களின் மேலெழுகை பற்றி அவர் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய குறிப்பேடுகள் அம்மேசையில் விரிந்து கிடந்தன. ஒரு வட்டம், அதன்மேல் மண், மண்ணின் இருமருங்கும் இரண்டு கோடுகள், மேல்நோக்கிய ஓர் அம்புக்குறி. அப்படங்கள் என் தந்தையாரின் வேலையையே வரைந்து காட்டின என்பதை உணர்ந்த நாளிலிருந்து நண்பரை நான் கேள்விகளால் துளைக்கத் தொடங்கினேன். அவரும் சலியாது விளக்கினார். அவ்வுரையாடல்களின் பயனே இக்கட்டுரை.

குழாய் ஏன் மேலெழ வேண்டும்? கனமான பொருள் கீழே கிடப்பதுதானே இயல்பு என்று நாம் எண்ணுகிறோம். ஆயின் வெறுங்குழாய் கனமான பொருளன்று. அது காற்றை அடைத்துவைத்த நீண்ட கலம். வெளிவிட்டம் 225 மில்லிமீற்றர் கொண்ட பீ.வீ.சி. குழாயொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு மீற்றர் நீளத்தின் எடை ஏறத்தாழ 8 முதல் 10 கிலோகிராம். அதே ஒரு மீற்றர் நீரில் அமிழ்ந்தால் இடம்பெயர்க்கும் நீரின் எடை ஏறத்தாழ 40 கிலோகிராம். ஆகவே, உள்ளே நீர் நிரம்பாத குழாய் நீருள் அகப்பட்டால், மீற்றருக்கு ஏறத்தாழ 30 கிலோகிராம் எடையைத் தூக்கவல்ல மேலுதைப்பு அதன்மீது தொழிற்படுகிறது. ஆறு மீற்றர் நீளமான ஒரு துண்டுக்கு இது 180 கிலோகிராம் ஆகிறது. இரண்டு மூன்று பேரின் உடல் எடையை அத்துண்டு தூக்கிவிடும்.

இக்கணக்கை நான் கற்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அதன் விளைவைக் கண்டிருக்கிறேன். கார்த்திகை மாதத்தில் ஒருநாள் மாலை, தந்தையாரும் அவருடைய கூட்டாளிகளும் நீண்ட அகழியொன்றிற் குழாய் இறக்கிப் பொருத்தி முடித்தனர். பொருத்துகளை அமுக்கச் சோதனைக்காகத் திறந்து விட்டு, இடைப்பகுதிகளை மட்டும் மண்ணால் மூடுவது வழமை. அன்று பொழுது சாய்ந்துவிட்டது; மறுநாட் காலையில் வேறிடத்தில் வேலை தொடங்கவேண்டுமென்று அவசரப்படுத்தப்பட்டது. ஆதலால் அகழியின் ஒரு பாதியில் மண் முறையாக இடித்து இறுக்கப்பட்டது. மறுபாதியில் அள்ளிப் போட்டதோடு வேலை நின்றது. இரவு முழுவதும் மழை. விடிந்தபோது அள்ளிப்போட்ட மண் இருந்த பாதியிற் குழாய் முழுவதும் சேற்றைப் பிளந்துகொண்டு மேலே வந்து, நீரில் மிதக்கும் மரக்குற்றியைப்போற் கிடந்தது. இறுக்கிய பாதியில் அகழி நிறைய நீர் நின்றபோதும் குழாய் இம்மியும் அசையவில்லை. மழையும் ஒன்று, குழாயும் ஒன்று, மண்ணும் ஒரே குவியலிலிருந்து அள்ளப்பட்ட மண்தான். வேறுபட்டது இறுக்கம் ஒன்றே.

தந்தையார் அன்று கூறியது இன்றும் நினைவில் உள்ளது: “மண்ணை அள்ளிப் போட்டாப்போலை காணாது தம்பி. அதுக்கு இருக்க இடம் காட்டவேணும்.”

நண்பரின் குறிப்பேட்டில் இருந்த இரண்டு கோடுகளின் பொருள் இதுவேயாகும். புதைந்த குழாயொன்று மேலெழ முயலும்போது அதனைத் தடுப்பவை இரண்டு. ஒன்று, குழாயின் நேர் மேலே நிற்கும் மண்ணின் எடை. மற்றொன்று, அம்மண் மேலெழும்போது அதன் இருமருங்கிலுமுள்ள அசையாத மண்ணோடு உராய்வதாற் பிறக்கும் தடை. முதலாவது யாவர்க்கும் எளிதில் விளங்குவது. இரண்டாவதே நாம் எண்ணிப் பாராதது. குழாய் மேலே வரவேண்டுமாயின் தன்மேலுள்ள மண்ணை மட்டும் தூக்கினாற் போதாது; அம்மண்ணை அதன் அயலிலிருந்து பிரித்தெடுக்கவும் வேண்டும். அயல் மண்ணோ பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. நெருக்கம் எவ்வளவோ அவ்வளவுக்கு உராய்வும் மிகும். உராய்வு நெருக்கத்தைப் பொறுத்தது என்ற உண்மையை மண்ணுக்குப் பொருத்திக் கணித்தவர் பிரெஞ்சுப் பொறியியலாளரான கூலோம். அவர் தம் ஆய்வை 1773 இற் பாரிசில் விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார்.

ஆழம் மிகுந்தால் என்ன நிகழும்? மேலுள்ள மண்ணின் எடை ஆழத்துக்கு நேராக வளர்கிறது. ஆழம் இருமடங்காயின் எடையும் இருமடங்கு. பக்க உராய்வோ ஆழத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கிறது. ஆழம் இருமடங்காயின் அது நான்கு மடங்கு. ஏனெனில் ஆழம் மிகும்போது உராயும் பரப்பும் கூடுகிறது, அப்பரப்பின்மீதுள்ள நெருக்கமும் கூடுகிறது.

மேற்கூறிய 225 மில்லிமீற்றர்க் குழாயின்மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு உலர் மணல் உள்ளதெனக் கொள்வோம். ஒரு கன மீற்றர் மணல் 1600 கிலோகிராம் எனின், குழாயின் ஒரு மீற்றர் நீளத்தின்மேல் நேராக நிற்கும் மணல் 360 கிலோகிராம். பக்க உராய்வைக் கணிக்கப் பொறியியலாளர் ஒரு குணகத்தைப் பயன்படுத்துகின்றனர். தளர்ந்த மணலுக்கு அது 0.2 அளவிலும், இறுகிய மணலுக்கு 0.5 அளவிலும் அமையலாம். முன்னதைக் கொண்டால் உராய்வு ஏறத்தாழ 400 கிலோகிராம் எடைக்குச் சமம். பின்னதைக் கொண்டால் ஏறத்தாழ 1000. ஆக மொத்தத் தடை ஓரிடத்தில் 760 கிலோகிராம் அளவு; மற்றோரிடத்தில் 1350 அளவு. இஃது அளவை உணர்த்துவதற்கான எளிய கணிப்பேயன்றி வடிவமைப்புக்குரியதன்று. எனினும் அதன் கருத்துத் தெளிவானது. அதே மணல், அதே ஆழம். இறுக்கம் ஒன்றினால் மட்டும் மீற்றர்தோறும் ஏறத்தாழ 600 கிலோகிராம் தடை புதிதாகத் தோன்றுகிறது. இறுக்கும்போது மணலின் அடர்த்தியும் உயர்வதால் உண்மை வேறுபாடு இதனினும் பெரிது.

இறுகிய மணலுக்கு இவ்வலிமை எவ்வாறு வருகிறது என்பதை விளக்கும் பண்பொன்றை 1885 இல் ஒஸ்போர்ண் றெனோல்ட்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் எடுத்துக்காட்டினார். நெருங்கிப் பொருந்தியிருக்கும் மணிகள் ஒன்றையொன்று கடந்து நகரவேண்டுமாயின், முதலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறவேண்டும். ஏறும்போது இடைவெளிகள் பெருகும். மணற்றொகுதி முழுவதும் விரியும். கடற்கரையின் ஈரமணலில் நாம் கால் வைத்ததும் காலைச் சுற்றியுள்ள மணல் சட்டென உலர்ந்ததுபோல் வெளிறுவதைப் பலரும் கண்டிருப்பர். மணல் விரிவதால் மேலிருந்த நீர் புதிய இடைவெளிகளுக்குள் இறங்கிவிடுகிறது. அவ்வெளிறலின் காரணம் அதுவே. இறுகிய மணலுட் புதைந்த குழாய் மேலெழ முயன்றாலும் இதுவே நிகழ்கிறது. விரிய முயலும் மணல் இருமருங்கிலும் உள்ள மண்ணை இன்னும் அதிகமாக நெருக்குகிறது. நெருக்கம் மிகவே உராய்வும் மிகுகிறது. தளர்ந்த மணலின் மணிகளோ ஏற வேண்டியதில்லை. அருகிலுள்ள வெற்றிடத்துள் சரிந்து விழுந்தாற் போதும்.

இதனைக் கண்ணாற் காணவும் வழி செய்திருக்கிறார்கள். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சியூக், வைற், போல்ற்றன் ஆகியோர் 2008 இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரு பக்கம் கண்ணாடியாலான பெட்டியினுள் மணலையும் குழாயையும் வைத்து, குழாயை மெல்ல மேலிழுத்து, மணலின் அசைவை அடுத்தடுத்துப் படம்பிடித்து அளந்தனர். தடை உச்சத்தை எட்டும் வேளையில் மேலெழும் மண், தலைகீழாக நிறுத்திய சரிவகம்போல மேலே அகன்று காணப்பட்டது. அச்சரிவின் அளவு மணலின் இறுக்கத்தைப் பொறுத்திருந்தது. உச்சம் கடந்து குழாய் மேலும் உயர்ந்தபோது, மணல் அதன் இருபுறமும் வழிந்து, குழாயின் அடியிற் பிறந்த வெற்றிடத்துள் இறங்கிற்று. இப்படங்களை நண்பர் எனக்குக் காட்டியபோது என்னைக் கவர்ந்தது உச்சநிலை அன்று. அதன் பின்னர் நிகழ்ந்த அந்த வழிவே. குழாய் விட்டுவந்த இடம் வெற்றிடமாக இருப்பதில்லை. அதனை மணல் உடனே நிரப்பிவிடுகிறது. எனவே மேலே வந்த குழாய் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்புவது இயலாது.

களிமண்ணின் இயல்பு சற்று வேறு. வயற்சேற்றிற் கால் புதைந்தவர்க்கு அது தெரியும். காலை வெடுக்கென இழுத்தால் சேறு அடியில் உறிஞ்சிப் பிடிக்கிறது; மெல்ல அசைத்து, நீரும் காற்றும் உட்புக இடமளித்தால் விட்டுவிடுகிறது. களிமண்ணுட் கிடக்கும் குழாயும் அவ்வாறே. விரைந்து எழுந்தால் அடியிற் பிறக்கும் உறிஞ்சல் அதற்குத் தடையாகிறது. மெல்ல எழுந்தால், நீர் ஊடுருவ நேரம் கிடைப்பதால் அவ்வுதவி கிட்டுவதில்லை. ஆதலாற் பொறுமையாக மேலெழும் குழாயையே பொறியியலாளர் கூடுதலாக அஞ்சவேண்டியுள்ளது.

வன்னியின் நீர்க்குழாயை மேலே தள்ளியது மழைநீர். வடகடலின் எண்ணெய்க் குழாய்களை மேலே தள்ளுவதோ வெப்பம். கடலடியின் குளிரில் இடப்பட்ட உருக்குக் குழாயினூடாகப் பின்னர் சூடான எண்ணெய் பாய்கிறது. வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் உருக்கு தன் நீளத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரியும். அற்பமாகத் தோன்றும் இவ்வெண்ணை ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கும் 60 பாகை உயர்வுக்கும் கணித்தால் 72 சென்ரிமீற்றர் கிடைக்கிறது. குழாய் நீள விரும்புகிறது. மண்ணின் உராய்வு அதனை நீளவிடாது பிடிக்கிறது. விளைவாக விரிவெல்லாம் நெருக்கு விசையாகக் குழாயினுள்ளேயே தேங்குகிறது. 219 மில்லிமீற்றர் வெளிவிட்டமும் 12.7 மில்லிமீற்றர்ச் சுவர்த் தடிப்பும் கொண்ட குழாயில் இவ்விசை ஏறத்தாழ 120 தொன் எடைக்குச் சமம்.

கடலடி முற்றிலும் சமதளமாயின் இவ்விசையால் தீங்கில்லை. ஆயின் சிறு மேடொன்றின்மேல் குழாய் மெல்ல வளைந்து செல்லுமிடத்தில், அந்நெருக்கு விசை அதனை மேல்நோக்கித் தள்ளத் தொடங்குகிறது. வளைவின் ஆரை 300 மீற்றராயின் மீற்றருக்கு ஏறத்தாழ 400 கிலோகிராம் எடைக்குச் சமமான தள்ளல் அங்குப் பிறக்கிறது. கடல்நீருள் மணலின் எடை மிதப்பினால் ஏறக்குறைய அரைவாசியாகிவிடும். அந்நிலையில் ஒரு மீற்றர் ஆழத்துக்குத் தளர்வாகக் கிடக்கும் மணல் இக்குழாய்க்குத் தரக்கூடிய தடையும் ஏறத்தாழ 400 கிலோகிராமே. தள்ளலும் தடையும் ஒரு நூலிழையிற் சமன்பட்டு நிற்கின்றன. மணல் இறுகியிருந்தால் இதே ஆழத்தில் தடை 700 ஐத் தாண்டும்.

அன்றியும் குழாய் ஒரே பாய்ச்சலில் மேலெழவேண்டுமென்பதில்லை. எண்ணெய் பாயும்போது அது சூடாகிச் சற்றே உயர்கிறது; உயர்ந்த இடத்தின் அடியில் மணல் இறங்குகிறது. எண்ணெய் நிறுத்தப்படும்போது குழாய் குளிர்ந்து தாழ விரும்புகிறது. ஆயின் அதன் படுக்கை இப்போது முன்னையதினும் உயரமாகிவிட்டது. அடுத்த முறை சூடாகும்போது அவ்வுயரத்திலிருந்தே எழத் தொடங்குகிறது. மேலே கிடக்கும் மண்ணின் ஆழம் இவ்வாறு சிறுகச் சிறுகக் குறைந்து, ஒருநாள் குழாய் கடலடிக்கு வெளியே தலைகாட்டுகிறது. வடகடலின் டென்மார்க்குப் பகுதியில் றொல்ஃப், கோம் என்னும் இரு எண்ணெய் வயல்களை இணைத்த குழாயொன்று 1986 இல் இவ்வாறு கடலடியைவிட்டு வெளியே வளைந்தெழுந்து காணப்பட்டது. பிரேசிலின் குவானபாரா குடாவில், மென்சேற்றிற் கிடந்த குழாயொன்று வெப்பத்தினாற் பக்கவாட்டில் நெளிந்து 2000 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் உடைந்தபோது, ஏறத்தாழ 13 இலட்சம் லீற்றர் எண்ணெய் குடாவிற் கலந்தது. கண்டற் காடுகளும் மீனவர் வாழ்வும் அதனாற் பாழாயின. மண்ணின் பிடி தளர்வதன் விலையைச் செலுத்துவோர் பெரும்பாலும் குழாயோடு எத்தொடர்பும் இல்லாதவரே.

நிலநடுக்கம் மண்ணின் பிடியைத் தளர்த்தும் மற்றொரு முறை. எங்கள் தோட்டங்களில் மரவள்ளி பிடுங்குவோர் செடியை நேராக இழுப்பதில்லை. முதலில் அதனை அங்குமிங்கும் அசைப்பர். அசைவினால் மண் விலகிப் பிடி நெகிழ்கிறது. நிலநடுக்கத்தில் நிகழ்வது இதனினும் கடுமையானது. நீர் ஊறிய தளர் மணல் குலுக்கப்படும்போது அதன் மணிகள் நெருங்கி அமைய முயல்கின்றன. இடையிலுள்ள நீருக்கு வெளியேற நேரமில்லை; ஆதலால் நீரின் அமுக்கம் உயர்ந்து, மணிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கிறது. மண்ணின் வலிமை மணிகள் ஒன்றையொன்று அழுத்துவதில்தான் உள்ளது என்பதை நீரமுக்கத்தோடு இணைத்து விளக்கி, இத்துறைக்கு அடித்தளமிட்டவர் கார்ல் ரெர்சாகி; அவருடைய பெருநூல் 1925 இல் வெளிவந்தது. அந்த அழுத்தம் இல்லாதொழிந்தால் மணல் மணலாக இராது; கனத்த திரவமாகிவிடும். திரவத்திற் கிடக்கும் வெற்றுக் கலம் மிதக்கும். யப்பானின் நீகாட்டா நகரில் 1964 சூன் 16 ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போது, புதைக்கப்பட்டிருந்த கழிவுநீர்த் தொட்டிகள் நிலத்தைப் பிளந்து மேலே வந்தன.

நாற்பது ஆண்டுகளின் பின் அதே மாகாணத்தில், 2004 ஒற்றோபர் 23 ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கம் என் கருத்துக்கு மேலும் பொருந்துவது. அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கழிவுநீர் ஆள்துளைகள் சாலைகளின் மேலே எழுந்து நின்றன. பின்னர் ஆராய்ந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. பல இடங்களில் இயற்கை நிலம் உறுதி குலையவில்லை. அகழியை மூடுவதற்கு மனிதர் இட்ட மணலே திரவமாகியிருந்தது. அதன் பின்னர் அங்கு விதந்துரைக்கப்பட்ட பரிகாரங்களுள் முதன்மையான ஒன்று, மூடும் மண்ணை நன்கு இறுக்குதல். பெரும் இயந்திரங்களும் செல்வமும் உள்ள நாடொன்று பேரிடரின் பின் கண்ட பாடமும், வன்னியிலே திமிசுக்கட்டை பிடித்த ஒருவர் மழைநாளிற் சொன்ன சொல்லும் வேறல்ல.

ஒருமுறை வெட்டப்பட்ட மண் தானாகப் பழைய மண்ணாவதில்லை. ஆண்டாண்டுகளாக மழையும் வெயிலும் தன் எடையும் சேர்ந்து இறுக்கிய நிலத்தை ஒரு நாளிற் கிளறி விடுகிறோம். அதே மண்ணை அதே குழியில் இட்டாலும் ஒரு பங்கு மண் மிச்சமாகி மேடாக நிற்பதே அதன் இறுக்கம் போய்விட்டதற்குச் சான்று. அவ்விறுக்கத்தை மனிதர் மீண்டும் இடவேண்டும். எவ்வாறு இடுவது என்பதை 1933 இல் அமெரிக்கப் பொறியியலாளர் றால்ஃப் புறொக்ரர் முறைப்படுத்தினார். குறித்த அளவு இடியைக் கொடுக்கும்போது, மண் மிக உலர்ந்திருந்தாலும் நன்கு இறுகாது. மிக நனைந்திருந்தாலும் இறுகாது. இடைப்பட்ட ஓர் ஈரநிலையிலேயே அது மிகுந்த அடர்த்தியை அடைகிறது என்பது அவர் காட்டிய உண்மை. இதனை நண்பர் வரைபடத்தில் விளக்கியபோது என் தந்தையாரின் கைகள் என் கண்முன் தோன்றின. மூடத் தொடங்குமுன் ஒரு பிடி மண்ணை எடுத்து அவர் உருண்டை பிடிப்பார். உருண்டை உதிர்ந்தால் நீர் தெளிப்பார். கையில் ஒட்டினால் மண்ணைக் காயவிடுவார். உருண்டையாக நின்று, விரலால் அழுத்தியதும் இரண்டாகப் பிளந்தால், “சரி” என்பார். பின்னர் குழாயின் இருமருங்கும் சமமாக, ஒரு சாணுக்கும் குறைந்த படைகளாக மண்ணை இட்டு, படைதோறும் இடிப்பார்.

இங்கேதான் நான் கூறவந்த மனக்குறை உள்ளது. இவ்வேலைக்குக் கூலி இல்லை. அவருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் பதித்த குழாயின் நீளத்தைக் கொண்டே, மீற்றர்க் கணக்கிற் கூலி கொடுக்கப்பட்டது. படைபடையாக இடிப்பவன் ஒரு நாளில் முடிக்கும் தூரத்தைவிட அள்ளிப் போட்டு மூடுபவன் முடிக்கும் தூரம் அதிகம். ஆதலால் அவன் பெறும் கூலியும் அதிகம். மேற்பார்வைக்கு வருபவர் காண்பது நிலத்தின் மேற்பரப்பையே. அது இருவகை அகழியிலும் ஒரேமாதிரித்தான் தோன்றும். இறுக்கத்தை அளக்க வழிகள் இல்லாமலில்லை. சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை நிறுத்து, அக்குழியை அளவறிந்த மணலால் நிரப்பி அடர்த்தியைக் கணிக்கும் சோதனையை நண்பரின் பீடத்து மாணவர் யாவரும் அறிவர். அச்சோதனை தந்தையார் வேலைசெய்த அகழிகளில் நிகழ்ந்ததை அவர் கண்டதில்லை. ஆயின் அந்த மழைநாளின் பின் குழாய் மேலே கிடந்தபோது, மீண்டும் வெட்டிப் பதிக்கும் வேலைக்குக் கூலி மறுக்கப்பட்டது. பொழுது சாய்ந்தபின் அவசரப்படுத்தியவர் எவரென்று எவரும் கேட்கவில்லை. நான்கு நாள் உழைப்பு ஊதியமின்றிப் போயிற்று. அந்த மாதம் எங்கள் வீட்டிற் கடைக்கணக்கு ஏறியது. எனது பரீட்சைக் கட்டணம் ஒரு சித்தப்பாவின் கைமாற்றால் கட்டப்பட்டது.

கலைப்பீடத்தில் நாம் மண்ணைப் பற்றி மிகுதியாகப் பேசுகிறோம். மண்வாசனை, மண்ணின் மைந்தர், மண்பற்று என்னும் தொடர்கள் எங்கள் கட்டுரைகளிலும் விவாதங்களிலும் மலிந்துள்ளன. அவற்றை நான் பழிக்கவில்லை. ஆயின் அத்தொடர்களிலெல்லாம் மண் தானாகவே பிடித்துவைக்கும் ஒரு பொருளாக, இயற்கை அளித்த கொடையாகவே கருதப்படுகிறது. புதைகுழாய் எனக்குக் கற்பித்தது வேறு. கிளறப்பட்ட மண் தானாகப் பிடிப்பதில்லை. அதனை மீண்டும் பிடிக்கச் செய்வதற்கு ஒருவர் குனிந்து நின்று, படைபடையாக, கணக்கறிந்து இடிக்கவேண்டியிருக்கிறது. கிளறப்பட்ட நிலத்தில் மீள வாழத் தொடங்கிய எங்கள் ஊர்களுக்கும் இது பொருந்துமென்றே எண்ணுகிறேன். வீதியும் வீடும் விரைந்து எழும்பின, அயலுக்கும் அயலுக்கும் இடையே இறுக்கம் வருவதற்கோ பொறுமையான வேலை இன்னும் எஞ்சியுள்ளது.

பொறியியல் நூல்களில் அந்தப் பக்க உராய்வின் குணகம் ஓர் எழுத்தாற் குறிக்கப்படுகிறது. 0.2, 0.5 என்னும் எண்கள் மணலின் இயல்பினால் மட்டும் வந்தவை அல்ல; இடையிலுள்ள 0.3 இன் பெரும்பகுதி ஒருவருடைய தோள்வலி. வடிவமைக்கும் பொறியியலாளர் பெரிய எண்ணைத் தம் கணிப்பில் இடும்போது, அவ்வெண்ணுக்குரிய கூலியையும் ஒப்பந்தத்தில் இடவேண்டும் என்பது என் வேண்டுகோள். மீற்றருக்குக் கொடுக்கும் கூலியோடு படைக்கும் ஒரு கூலி சேருமாயின், சோதனைக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கப்படுமாயின், மழைக்காலத்து மேலெழுகைகள் பல நிகழாமலே போகும். இதனை என் அறைநண்பரிடம் கூறினேன். அவர் சற்று நேரம் சிந்தித்து, தம் குறிப்பேட்டில் அந்த எழுத்தின் அருகே “இடித்தவர் யார்?” என்று எழுதிவைத்தார். அடுத்த விடுமுறையில் அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். தந்தையாரிடம் உருண்டை பிடிக்கக் கற்கவேண்டுமாம்.